ஃபியட் காருக்கு முப்பத்தொரு தாள்

மாதேஸ்வரிக்கு கார் ஓட்டத் தெரியாது. காரில் ஏறிப் போனதும் வாழ்க்கையில் ஐந்தாறு தடவைக்கு மேல் இருக்காது. அஞ்செட்டிக்கு அப்பால், ஒரு நாளைக்கு இரண்டே முறை பஸ் வந்துபோகும் ஊரில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் ராகிக் காட்டில் கூலிக்குப் போனவர்கள். பத்தாவது முடித்து நான்கு வருடம் அவரும் அதே காடுகளில் களை எடுத்தார். 1994-ல், பத்தொன்பது வயதில், ஊர்ப் பெண்கள் மூன்று பேரோடு ஓசூருக்கு வந்து, வண்டிகளுக்கு ஒயர் கட்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார்.

அந்த வேலை அவருக்குப் பிடித்துவிட்டது. நீளமான பலகை, அதன்மேல் ஒட்டிய வரைபடம், கோடு திரும்பும் இடமெல்லாம் ஒரு ஆணி. ஒவ்வொரு பெண்ணும் தன் பங்கு ஒயரை ஆணிகளுக்கு நடுவே படுக்கவைத்து அடுத்தவளுக்குத் தள்ள வேண்டும். அடியில் போகவேண்டிய ஒயர் மேலே வந்துவிட்டால், கடைசியில் நிற்பவள் டேப் சுற்ற முடியாமல் கத்துவாள். ஆறாவது வருடம் மாதேஸ்வரி லைன் லீடர் ஆனார். இருபத்திரண்டு பெண்களில் யார் எதை முதலில் வைப்பது என்று முடிவு செய்வது அவர் வேலை. அதிகம் பேசமாட்டார், சிரிக்கவும் மாட்டார். முதுகுக்குப் பின்னால் அவரை ‘ஸ்கேலு’ என்று கூப்பிட்டார்கள். அது அவருக்குத் தெரியும்.

2004-ல் கம்பெனி அந்த யூனிட்டை வேறு மாநிலத்துக்கு மாற்றியது. கிரானைட் பட்டறையில் பாலிஷ் போடும் கணவர் முனீஸ்வரன், “கொஞ்ச நாள் வீட்ல இரு” என்றார். இரண்டு மாதம் இருந்தார். அதற்கு மேல் முடியவில்லை.

அவர்கள் குடியிருந்த வீட்டு வரிசையில் கடைசி வீட்டில் மங்கம்மா என்ற தையல்காரர் குடியிருந்தார். ஐம்பது வயது. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கடையில் கன்னடம் பேசுவார். துணி தைப்பவர் அல்ல, கார் சீட் தைப்பவர். மூக்கண்டப்பள்ளிக்குப் பின்னால் திம்மப்பன் என்ற டிங்கர் ஒரு தகர ஷெட் போட்டு, பெங்களூர்க்காரர்களின் பழைய கார்களைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தார். மங்கம்மா அங்கேதான் வேலை செய்தார். பழைய காருக்கு ஒயர் கட்டு எங்கேயும் ரெடியாகக் கிடைக்காது. மாதேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு போனவர் மங்கம்மாதான்.

போன முதல் மாதமே ஒரு அம்பாசடரில் தகராறு வந்தது. மங்கம்மா இரண்டு நாள் பாடுபட்டு உள்கூரைத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டி முடித்திருந்தார். அதற்கப்புறம்தான், நடு விளக்குக்குப் போகவேண்டிய ஒயரை யாருமே இழுக்கவில்லை என்று தெரிந்தது. துணியைப் பிரித்தார்கள். பிரிக்கும்போது கிழிந்தது.

“பழைய கார்னா இதெல்லாம் சகஜம்மா” என்றார் திம்மப்பன். “ஒண்ணு மாட்டுவோம், ரெண்டு கழட்டுவோம்.”

“யார் எதை எப்ப செய்யணும்னு ஒரு பேப்பர் இருக்குதாண்ணா?”

“பேப்பரா?” திம்மப்பன் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். “எல்லாம் இங்கதான் இருக்குது.”

மாதேஸ்வரி ஒன்றரை வருடம் ஒயர் கட்டுகள் செய்தார். மங்கம்மாவிடம் ரெக்சின் வெட்டவும், கதவின் உள்பக்கத்தை மூடும் டோர் பேட் ஒட்டவும் கற்றுக்கொண்டார். எது எதை மூடுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

2006 சித்திரையில் அந்த ஃபியட் வந்தது. 1962 மாடல். சொந்தக்காரர் மாதவன், அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து பெங்களூரில் வீடு கட்டிக்கொண்டவர். ஓசூரில் நட்டு போல்ட் தயாரிக்கும் சிறிய யூனிட் வைத்திருந்தார். வெளியே பெயிண்ட் வேலை வேறு இடத்தில் முடிந்து, பால்வெள்ளை நிறத்தில் பளபளத்தது. உள்ளே எலிகள் குடியிருந்த வாசனை. சீட்டுக்குள் இருந்த தேங்காய் நார் பொடியாக உதிர்ந்தது. ஆவணி கடைசி முகூர்த்தத்தில் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்துக்குப் பெண் அந்தக் காரில்தான் வந்து இறங்க வேண்டும் என்றார்.

“ஆயிடும் சார்” என்றார் திம்மப்பன்.

மாதவன் போனபிறகு மாதேஸ்வரி ஒரு விஷயம் கேட்டார். “இந்த ஒரு காருக்கு நான் வேலை வரிசை போட்டுத் தரட்டுமாண்ணா? சரியா வரலேன்னா அடுத்ததுக்குக் கேக்கமாட்டேன்.”

திம்மப்பன் நல்ல மனநிலையில் இருந்தார். போட்டுக்கொள் என்றார்.

உள்ளே இருந்ததை எல்லாம் நான்கு நாள் எடுத்துக் கழற்றினார்கள். ஒவ்வொரு திருகும் எங்கிருந்து வந்தது என்று எழுதி, பால் கவர்களில் போட்டுக் கட்டினார் மாதேஸ்வரி. பிறகு வீட்டில், தினக் காலண்டரில் கிழித்துச் சேர்த்து வைத்திருந்த தாள்களின் பின்பக்கம், ஒரு தாளுக்கு ஒரு வேலை என்று எழுதினார். டிவி வந்த பெட்டியின் தெர்மாகோலில் அவற்றைக் குண்டூசியால் குத்தி, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். முனீஸ்வரன் சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கை பார்த்தார்.

“கழட்டினதைத் திருப்பி மாட்டினா ஆச்சு. கடைசியா எது வெளிய வந்துச்சோ அது மொதல்ல உள்ள போவும். இதுக்கு எதுக்கு இத்தனை பேப்பரு?”

“அப்டி ஆவாது. பழைய ரூஃப் துணிய மங்கம்மாக்கா கத்தியால அறுத்து எடுத்துட்டாங்க. முன்கண்ணாடி இருக்கும்போதே அது வந்துடுச்சு. புதுசு மாட்டும்போது துணியோட ஓரம் கண்ணாடி ரப்பருக்கு அடியில போவணும். அப்ப கண்ணாடி இருக்கக்கூடாது.”

முனீஸ்வரன் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். “அப்ப திருப்பி மாட்டறது வேற கணக்கு.”

“வேற கணக்குதான்.”

ஒவ்வொரு தாளிலும் வேலையின் பெயருக்குக் கீழே இரண்டு வரி எழுதினார். இதற்கு முன் எது முடிந்திருக்க வேண்டும்? இதைச் செய்தால் எது மூடிப்போகும்? முதல் கேள்வி கம்பெனியில் கற்றது. இரண்டாவதை அந்த அம்பாசடர் கற்றுக்கொடுத்தது. எழுத எழுத இரண்டாவதுதான் முக்கியம் என்று அவருக்குத் தோன்றியது. தரைத் துருவைச் சுரண்டி, ஒட்டுப்போட்டு, பெயிண்ட் அடிக்காமல் எதுவும் தொடக்கூடாது. தகரத்தின்மேல் சத்தம் அடக்கும் ஷீட் ஒட்டுவதற்கு முன் ஒயர் போகும் வழிகளைக் குறிக்க வேண்டும். டேஷ்போர்டை முன்கண்ணாடி இல்லாதபோது மாட்டினால் கை தாராளமாகப் போகும். ரூஃப் துணி, பிறகு கண்ணாடிகள். கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்க்காமல் டோர் பேட் அடிக்கக்கூடாது. சீட்டைத் தைப்பது எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம், ஆனால் அது காருக்குள் போவது கடைசியில். மொத்தம் முப்பத்தொரு தாள். கண்ணாடிகள் மாட்டுவது பத்தொன்பதாவது தாள். இருபதாவது தாளில், ‘தண்ணி ஊத்திப் பாக்கணும். ரெண்டு தடவை. நடுவுல ஒரு நாள் விடணும்’ என்று இருந்தது. அடியில்: ‘இதுக்கு முன்னாடி தரையில ஒண்ணும் விரிக்கக்கூடாது.’

ஆடி வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. திம்மப்பனே பார்க்க வருபவர்களிடம், ஷெட்டில் மாட்டிவைத்த அந்த தெர்மாகோலைக் காட்டிப் பேசினார். பிறகு கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டிய முன்கண்ணாடி ரப்பர் வரவில்லை. வந்த முதல் ரப்பர் அளவு தப்பு. இரண்டாவது வந்து சேரும்போது மூன்று வாரம் போயிருந்தது. கண்ணாடி ஏறிய மறுநாள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரிலிருந்து தகவல் வந்து, மாதேஸ்வரி நான்கு நாள் அஞ்செட்டிக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது கார் முடிந்தமாதிரி நின்றது. அரக்கு நிற ரெக்சின் சீட்டுகள் உள்ளே இருந்தன. கீழே கார்ப்பெட் விரித்திருந்தது. உண்மையில் அழகாகத்தான் இருந்தது.

“தண்ணி ஊத்திப் பாத்தீங்களாண்ணா?”

“ஏம்மா, நாளைக்கி மாதவன் சார் வர்றாரு. மனுசன் வந்து சீட்டப் பாக்கணும், ஒக்காந்து பாக்கணும். வெறும் தகரத்தைக் காட்டி, தண்ணி ஊத்தப்போறேன்னு சொல்லச் சொல்றியா?”

அது சனிக்கிழமை. மாலையில் காரை வெளியே தள்ளிக் கழுவினார்கள். துடைத்து உள்ளே தள்ளியபின், மாதேஸ்வரி முன்பக்கம் இடது கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். அங்கே விரித்திருந்த ஃபெல்ட் துணி ஈரமாக இருந்தது. திம்மப்பனிடம் சொன்னார்.

“காஞ்சிடும்” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை திம்மப்பன் கிருஷ்ணகிரியில் ஒரு காதுகுத்துக்குப் போனார். மதியம் மாதவனோடு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மாதேஸ்வரி மங்கம்மாவைப் பார்த்து, “அக்கா, நான் கழட்டப்போறேன்” என்றார். மங்கம்மா ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்.

சீட்டை இறக்கினார்கள். கார்ப்பெட்டையும் ஃபெல்ட்டையும் சுருட்டி எடுத்தார்கள். காரை வெயிலுக்குத் தள்ளிவிட்டு, மாதேஸ்வரி டார்ச்சோடு உள்ளே ஏறி, காரின் வெறும் தரையில் குந்திக் கதவுகளைச் சாத்திக்கொண்டார். மங்கம்மா ஹோஸ் பைப்பை மேலே பிடித்தார். தகரத்தில் தண்ணீர் விழும் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஷெட்டும் புளியமரமும் கலங்கித் தெரிந்தன. ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று அவருக்குப் பயம் வந்தது. பிறகு, முன்கண்ணாடியின் இடது மேல்மூலையில் ரூஃப் துணி லேசாகக் கறுத்தது. அங்கிருந்து ஒரு சொட்டு, கண்ணாடியைத் தாங்கும் கம்பத்தின் ஓரமாக, யார் கண்ணிலும் படாத இடத்தில் இறங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்து, கடைசியில் கால் வைக்கும் இடத்தில் வந்து நின்றது.

கதவைத் திறந்து காட்டினார். மங்கம்மா மூலையைத் தொட்டுப் பார்த்தார்.

“நான் மடிச்சதுதான்” என்றார். “கிழியக்கூடாதுன்னு அந்த மூலையில ரெண்டா மடிச்சி ஒட்னேன். ரப்பர் உக்காரல.”

“தாள்ல நான் அத எழுதலியேக்கா. மிச்சத் துணிய வெட்டணும்னு எழுதியிருக்கணும்.”

அப்போதுதான் திம்மப்பனும் மாதவனும் ஒரு காரில் வந்து இறங்கினார்கள். சீட்டுகள் ஒரு பழைய பாயின்மேல் கிடந்தன. ஃபெல்ட் கம்பியில் தொங்கியது. வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“யாரக் கேட்டுக் கழட்டின?” திம்மப்பன் கத்தினார்.

மாதவன் சத்தம் போடவில்லை. “என்ன ஆச்சு?” என்று மட்டும் கேட்டார்.

“ஒண்ணுமில்ல சார், சின்ன ஒழுகல். கல்யாணத்துக்கு இன்னும் ஒம்போது நாள் இருக்குல்ல, முடிச்சிடலாம்” என்றார் திம்மப்பன்.

மாதவன் அவரைப் பார்க்காமல் மாதேஸ்வரியைப் பார்த்தார். “முடியுமாம்மா?”

பின்னால் பல தடவை மாதேஸ்வரி அந்த இடத்தை யோசித்துப் பார்த்திருக்கிறார். முடியும் என்று சொல்லியிருக்கலாம். மூலையில் வெறும் பசையைத் தடவி, ஒன்பது நாளில் எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கொடுத்திருக்கலாம். கல்யாணத்தன்று மழை வராமலும் இருந்திருக்கலாம். வரவில்லை என்பதும் பிறகு தெரிந்தது.

“ஆவாது சார்” என்றார். “கண்ணாடிய எறக்கணும். அத எறக்கினா ரப்பர் திரும்ப வேலைக்காவுமான்னு பாத்துதான் சொல்ல முடியும். ரூஃப் துணி மூலையில பிரிச்சி ஒட்டணும், காயணும். அப்பறம் ரெண்டு தடவ தண்ணி. பதினாலு நாள் வேணும்.”

மாதவன் தலையை ஆட்டினார். நான்கு மாதமாக எல்லோரிடமும் சொல்லிவைத்த விஷயம் அது. அவர் முகத்தில் கோபத்தைவிட அலுப்புதான் தெரிந்தது. “நீங்க ஆயிடும்னு சொன்னீங்க” என்று திம்மப்பனிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். கல்யாணத்துக்கு வாடகைக் கார் பேசிக்கொண்டார்கள். பத்து நாள் கழித்து, ஃபியட்டை பெங்களூரில் வேறொரு ஷெட்டுக்குக் கொண்டுபோக லாரி அனுப்புவதாகப் போன் வந்தது.

லாரி வருவதற்கு முந்தின நாள் மாதேஸ்வரி வீட்டில் உட்கார்ந்து, பத்தொன்பது முதல் முப்பத்தொன்று வரையிலான தாள்களை ஒரு நோட்டுப் பேப்பரில் திருத்தி எழுதினார். இடது மேல்மூலையை வரைந்து, எங்கே வெட்ட வேண்டும் என்று கோடு போட்டார். முதல் பதினெட்டு தாள்களையும் சேர்த்துக் கட்டினார்; உள்ளே எது எங்கே மறைந்திருக்கிறது என்று அடுத்தவருக்குத் தெரிய வேண்டுமே. தனக்கென்று போன் இல்லாததால் அடியில் முனீஸ்வரனின் செல் நம்பரை எழுதினார். திருகுகள் இருந்த பால் கவர்களோடு, எல்லாவற்றையும் டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்து மூடினார். திம்மப்பன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

லாரி போனபிறகு சொன்னார். “நீ சொன்னது தப்புன்னு சொல்லல. ஆனா அவரு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாது.”

மாதவன் அனுப்புவதாக இருந்த இன்னும் இரண்டு கார்கள் வரவில்லை. அந்த மாதக் கடைசியில், கொஞ்ச நாளைக்கு வேலை இல்லை, இருந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்றார் திம்மப்பன். மங்கம்மாவுக்கு மட்டும் வேலை இருந்தது. அவர் மாதேஸ்வரியின் வீட்டைத் தாண்டிப் போகும்போது, சில நாள் பேசுவார், சில நாள் பேசாமல் போவார். மாதேஸ்வரி சிப்காட் தொழிற்பேட்டையில் புதிதாக வந்த ஒயர் கம்பெனிக்கு மனு போட்டுவிட்டுக் காத்திருந்தார். ஷெட்டிலிருந்து திரும்பி வந்த தெர்மாகோல் அட்டையை முனீஸ்வரன் ஒருநாள் உடைத்து, ஜன்னல் ஓட்டைக்கு அடைப்பாக வைத்துவிட்டார். மாதேஸ்வரி தடுக்கவில்லை.

கார்த்திகை மாதம், பட்டறையில் டீ குடிக்கும் நேரத்தில், முனீஸ்வரனுக்கு ஒரு போன் வந்தது. அன்று சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னார்:

“பெங்களூர்லேர்ந்து யாரோ கன்னடத்துல பேசறான். இருவத்தஞ்சாவது தாள் யாரு எழுதுனதுன்னு கேக்கறான். பொண்டாட்டின்னு சொன்னேன். திரும்பக் கூப்புடறேன்னான்.”

எட்டு மணிக்குள் அந்த ஆள் திரும்பக் கூப்பிட்டார். கெம்பண்ணா என்று பெயர் சொன்னார். ஃபியட் இப்போது அவர் ஷெட்டில் இருந்தது. தமிழும் கன்னடமும் கலந்து பேசினார்.

“அம்மா, பின்சீட்டு கீழே தரையல்லி ஒரு ஓட்டை விட்டிருக்கீங்க. பேப்பர்ல ‘அடைக்கக்கூடாது’ன்னு போட்டிருக்கீங்க. யாக்கே, எதுக்கு?”

“அது தண்ணி போறதுக்குங்க. எல்லாம் பாத்தும் என்னிக்காவது உள்ள தண்ணி வந்துடுச்சின்னா நிக்கக்கூடாது. மேல ஃபெல்ட் விரிக்கும்போது அந்த எடத்துல மட்டும் வட்டமா வெட்டி விட்டுடுங்க.”

“ஓ.” அந்தப் பக்கம் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. “மூலையல்லி நீங்க கோடு போட்ட மாதிரியே வெட்டினோம். ரெண்டு தடவை தண்ணி ஊத்தாச்சு. ஒந்து சொட்டும் இல்ல.”

“நடுவுல ஒரு நாள் விட்டீங்களா?”

“இல்ல.”

“விட்டுட்டு இன்னொரு தடவை பாருங்க. காஞ்ச ரப்பர் வேற மாதிரி நிக்கும்.”

கெம்பண்ணா சிரித்தார். ஆனால் மறுவாரம் போன் செய்து, ஒரு நாள் விட்டுப் பார்த்ததாகவும், சரியாக இருப்பதாகவும் சொன்னார். மார்கழிக்கு முன் காரை மாதவன் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். மாதவன் தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று மாதேஸ்வரிக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

தை மாதத்தில் கெம்பண்ணா ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அவரை வரச்சொன்னார். இன்னொரு கார், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிப்பதற்கு முன் வந்து பார்த்து, வரிசை எழுதித்தர வேண்டும். மங்கம்மாவையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். சாயந்தரம் வரை காருக்குள் தலையை விட்டபடி பார்த்தார். திரும்பும்போது அத்திப்பள்ளியில் பஸ் நெரிசலில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி மங்கம்மா, “அன்னிக்கி மாதவன் சார்கிட்ட நீ என் பேர சொல்லியிருக்கலாம். மடிச்சது நான்தானே” என்றார்.

“சொன்னா கார் சீக்கிரம் முடிஞ்சிருக்குமாக்கா?”

மங்கம்மா சிரித்துவிட்டார்.

புது ஒயர் கம்பெனியில் மாதேஸ்வரிக்கு வேலை கிடைத்தது. புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பது. ஞாயிறுகளில் கார்கள். 2009 வரைக்கும் கெம்பண்ணாவுக்கு ஒன்பது கார்களுக்கு வரிசை எழுதிக்கொடுத்தார். அவற்றில் முடிந்த நிலையில் அவர் கண்ணால் பார்த்தது மூன்றுதான். மற்றவற்றுக்குக் கேள்விகள் மட்டும் போனில் வரும். இப்போது அவர் கையிலேயே ஒரு செல் இருந்தது.

அந்த வருடம் புரட்டாசியில் ஒரு மாலை, வேலை முடிந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தபோது, வாசலில் திம்மப்பன் நின்றார். மூன்று வருடத்தில் இளைத்திருந்தார். உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஒரு ஜீப் வந்திருக்குதும்மா. பழைய மிலிட்டரி ஜீப்பு. உள்ள ஒண்ணுமே இல்ல, எல்லாம் புதுசா செய்யணும்.” நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டார். “கொடுக்க வேண்டிய தேதிய நான் இன்னும் சொல்லல. நீ பாத்தப்பறம் சொல்றேன்னு ஜீப் சொந்தக்காரருகிட்ட சொல்லியிருக்கேன்.”

மாதேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டார். “மேல துணியா, தகரமாண்ணா?”

“துணிதான்.”

“அப்ப தண்ணி உள்ள வரும்னு வெச்சிக்கினுதான் போடணும். ஞாயித்துக்கெழம காலையில வர்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க.”

திம்மப்பன் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். மாதேஸ்வரி உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, காலண்டரில் அந்த வாரத்து ஞாயிறு எந்தத் தேதி என்று பார்த்தார்.